"இது யாருடைய வீடு?" கன்னடத்தில் கேட்டால் என்ன பதில் சொல்வது?

கோரமண்டல்:

கன்னடத்தில் "மனெ" என்றால் வீடு. சுவரும் கூரையும் உள்ள வீடு. தமிழில் "மனை" என்றால் இன்றைய வழக்கில் பெரும்பாலும் வீடு கட்டுவதற்கான காலி இடம். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் தாலுகா ஆபீஸ் ஜன்னலில் நின்றுகொண்டு, "எனக்கு மனைப் பட்டா வேண்டும்" என்ற எண்ணத்தில் "நனகெ மனெ பேகு" என்று ஒருவர் சொன்னால், உள்ளே இருக்கும் குமாஸ்தா என்ன எழுதிக்கொள்வார்? இவர் வீடு கேட்கிறார் என்றுதான் எழுதிக்கொள்வார்! காலி மனைக்குக் கன்னடத்தில் "நிவேசன" என்று பெயர். பட்டா கேட்கப் போகிறவர் "நிவேசனத ஹக்கு பத்ர" என்று கேட்க வேண்டும்.

தங்கவயலில் இது வெறும் மொழி விளையாட்டு அல்ல. 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. அதுமுதல் வடஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பெனி லைன்களில் குடியிருந்தார்கள். வீடு கம்பெனியுடையது, விளக்கு கம்பெனியுடையது, ஆஸ்பத்திரியும் கம்பெனியுடையது. "இது யாருடையது?" என்று கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. 1956-ல் சுரங்கங்கள் மைசூர் அரசின் கைக்கு வந்தன. பிறகு மத்திய அரசுக்குப் போயின. 1972-ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று பெயர் பெற்றன. 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு வேலை நின்றது.

வேலை போனதும் வீட்டைப் பற்றிய கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கான காகிதங்கள் கன்னடத்தில் இருக்கின்றன. கர்நாடகத்தின் ஆட்சிமொழிச் சட்டம் 1963-ம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மனு, ரசீது, நோட்டீஸ், காதா எல்லாமே கன்னடம்தான். தங்கவயல் தமிழர்களில் கன்னடம் பேசத் தெரிந்தவர்கள் ஏராளம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஏராளம். அவர்களுக்குக் கன்னட இலக்கணம் முழுவதும் வேண்டாம். "என்னுடையது, உன்னுடையது, அவருடையது" என்று சொல்லும் ஒரு பகுதி தெரிந்தாலே பாதி மனுவைப் படித்துவிடலாம்.

அந்தப் பகுதி தமிழருக்குச் சுலபமானது என்பதுதான் நல்ல செய்தி.

நன்னூலில் இருக்கும் "அ"

பள்ளிக்கூடத்தில் ஆறாம் வேற்றுமை மனப்பாடம் செய்தது பலருக்கு நினைவிருக்கும். உடைமையைக் காட்டும் வேற்றுமை அது. நன்னூல் அதற்குச் சொல்லும் உருபுகள் மூன்று: அது, ஆது, அ. "எனது கை" என்பது ஒன்று. "எனாது கை" என்பது இன்னொன்று. இப்போது யாரும் சொல்வதில்லை. உடைமைப் பொருள் பலவாக இருந்தால் "என கைகள்". இந்த மூன்றாவது "அ" தமிழ்ப் பேச்சில் அடியோடு மறைந்துவிட்டது. உருவத்தில் அதே "அ" கன்னடத்தில் ஆட்சி செய்கிறது! ஒரு பொருளோ பல பொருளோ, கன்னடத்தில் உடைமைக்கு "அ" ஒன்றே உருபு.

இதில் ஊர்ப் பெருமையும் கொஞ்சம் உண்டு. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரை ஆதரித்தவன் சீயகங்கன் என்ற சிற்றரசன். அவன் கங்க மரபில் வந்தவன். அந்தக் கங்கர்களின் பழைய தலைநகர் குவளாலபுரம், அதாவது இன்றைய கோலார். கன்னட இலக்கணமான "சப்தமணிதர்ப்பண" நூலைக் கேசிராஜன் எழுதியது 13-ம் நூற்றாண்டில். நன்னூலின் காலமும் அதை ஒட்டியதுதான். இரண்டு ஆசிரியர்களும் சமணர்கள். இரண்டு மொழிக்காரர்களும் ஒருவரையொருவர் அந்நியராக எண்ண வேண்டிய காரணம் இலக்கணத்தில் இல்லை.

"நானு" என்றால் நான். "நன்ன" என்றால் என். "நன்ன ஹெசரு" என்றால் என் பெயர். தமிழில் பகரத்தில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ஹகரமாகிவிடும். பெயர் - ஹெசரு, பால் - ஹாலு, பணம் - ஹண, பத்து - ஹத்து, பொன் - ஹொன்னு. இந்த ஒரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டால் பல பூட்டுகள் திறக்கும்.

"உன்" என்பதற்கு "நின்ன", "உங்கள்" என்பதற்கு "நிம்ம". இங்கே கவனம் தேவை. "நின்ன ஹெசரு ஏனு?" என்று குழந்தையைக் கேட்கலாம். ஆபீசரைக் கேட்டால் வந்த காரியம் கெட்டுவிடும். அவன் - அவன. அவள் - அவள. அவர் - அவர. அது - அதர. "தன்" என்பதற்கு "தன்ன". "அவன் தன் வீட்டுக்குப் போனான்" என்பதை "அவனு தன்ன மனெகெ ஹோத" என்று அப்படியே சொல்லலாம். இந்தத் "தன்" எவ்வளவு பெரிய வசதி என்பது மற்ற மொழிகளைப் பார்த்தால்தான் புரியும். ஸ்பானிஷ் மொழியில் "சு காசா" என்றால் அவன் வீடு, அவள் வீடு, அவர்கள் வீடு, உங்கள் வீடு என்று நான்கு அர்த்தம். எந்த வீடு என்று பேச்சின் போக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தியில் உடைமைப் பொருளின் பாலைப் பார்த்து உருபு மாறும்: "ராம் கா பேட்டா", "ராம் கீ பேட்டி". கன்னடத்தில் இந்தத் தொல்லை இல்லை. "ராமன மக", "ராமன மகளு". மகனுக்கும் மகளுக்கும் ஒரே "ராமன".

அத்தும் இன்னும்

பெயர்ச்சொல்லோடு "அ" எப்படிச் சேரும் என்பதில்தான் தமிழர்கள் தடுமாறுவார்கள். அதற்கும் தமிழிலேயே வழி இருக்கிறது.

மரம் என்ற சொல்லோடு உருபு சேரும்போது தமிழில் "மரத்து" என்று ஆகிறது. குளத்து மீன், பட்டணத்துப் பிள்ளை, போன மாசத்துச் சம்பளம். இதை அத்துச் சாரியை என்பார்கள். கன்னடத்தில் மரம் "மர" என்று நிற்கும். உடைமை சொல்லும்போது "மரத" ஆகும். மரத எலெ, பட்டணத ஜன, சம்பளத ஹண. நம் "த்து" மெலிந்து "பாதம்" என்பதில் வரும் தகரமாகிவிட்டது, அவ்வளவுதான். கோலார ஊரின் பெயரும் அப்படியே: கோலாரத சின்ன, கோலாரத ரைலு.

ஊர் என்ற சொல் தமிழில் "ஊரின்" ஆகும். கன்னடத்தில் "ஊரின". நம் "இன்"னோடு ஓர் அகரம் கூட்டினால் கன்னடம். கால் - காலின, காடு - காடின, நாடு - நாடின. ஆனால் தமிழில் காடு "காட்டின்" என்று இரட்டிக்கிறதே, அந்த இரட்டிப்பைக் கன்னடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. "காட்டின" என்று சொன்னவுடன், சொன்னவர் தமிழர் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எகரத்திலும் இகரத்திலும் முடியும் சொற்களுக்கு இடையில் யகரம் வரும். மனெ - மனெய. கணி - கணிய. "சின்னத கணிய கார்மிகரு" என்றால் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள். இந்த மூன்று சொற்களில் "அ" இரண்டு முறை வந்துவிட்டதைக் கவனிக்கவும்.

ஆட்களுக்கு னகரம் வரும். ராம - ராமன. அண்ண - அண்ணன. அக்க - அக்கன. அம்ம - அம்மன. பெண்ணுக்கும் னகரமா என்று தயங்க வேண்டாம். "அம்மன சீரெ" என்றால் தாயாரின் புடவை. மாரியம்மனின் புடவை என்று புதிதாகக் கன்னடம் கேட்பவர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை.

தமிழர்கள் சாதாரணமாகச் செய்யும் தவறு இந்த இடத்தில்தான். தமிழில் உருபே இல்லாமல் பேசலாம். "அண்ணன் வீடு", "முருகன் கடை", "அவர் பையன்" என்றால் போதும். உடைமை தானாகப் புரியும். அந்தப் பழக்கத்தில் "அண்ணன் மனெ", "அவரு மக" என்று சொல்லிவிடுகிறார்கள். கன்னடக் காதுக்கு இது அரைகுறை வாக்கியம். கடைசி அகரத்தைச் சொல்லித் தீர வேண்டும்: அண்ணன மனெ, அவர மக. முருகன், செல்வம் போன்ற மெய்யெழுத்தில் முடியும் பெயர்களுக்கு "அவர" சேர்த்துவிடுவது மரியாதை, சுலபமும்கூட. "முருகன் அவர மனெ".

இன்னொன்று. "மக்கள்" என்றால் தமிழில் ஜனங்கள். கன்னடத்தில் "மக்களு" என்றால் குழந்தைகள். விண்ணப்பத்தில் "மக்கள ஹெசரு" என்று ஒரு கட்டம் இருந்தால் பெற்ற பிள்ளைகளின் பெயரை எழுத வேண்டும்.

படிவத்தில் எத்தனை "அ"!

அரசாங்கப் படிவம் எதையாவது எடுத்துப் பாருங்கள். "அர்ஜிதாரர ஹெசரு": மனுதாரரின் பெயர். "தந்தெய ஹெசரு": தந்தையின் பெயர். "தாயிய ஹெசரு": தாயாரின் பெயர். "பதிய ஹெசரு" அல்லது "கண்டன ஹெசரு": கணவர் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறாம் வேற்றுமை நிற்கிறது. இதைவிட நல்ல பாடப்புத்தகம் வேறு வேண்டாம். காசும் குறைவு!

பழைய பதிவேடுகளிலும் நிலப் பத்திரங்களிலும் வேறொரு முறை இருக்கிறது. தமிழர்களைத் திகைக்க வைப்பது அதுதான். "முருகன் பின் பெருமாள்" என்று எழுதியிருக்கும். பெருமாளுக்குப் பின்னால் முருகன் வந்தான் என்றோ, முருகனுக்குப் பின் பெருமாள் என்றோ அர்த்தம் செய்யக் கூடாது. இந்தப் "பின்" அரபுச் சொல். மகன் என்று பொருள். பெருமாளின் மகன் முருகன். பெண்களுக்குக் "கோம்" என்று வரும், இன்னாரின் மனைவி. தகப்பனார் காலமாகியிருந்தால் அவர் பெயருக்கு முன்னால் "லேட்" என்று சேர்ப்பார்கள்.

தமிழர்கள் இதே உறவை ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். "பெ. முருகன்" என்றால் போதும். அந்த "பெ." என்பதும் ஓர் ஆறாம் வேற்றுமைதான், உருபுதான் இல்லை. கம்பெனி பாஸில் பெ. முருகன், ரேஷன் கார்டில் முருகன், பதிவேட்டில் முருகன் பின் பெருமாள். மூவரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க அலைவது என்ன கஷ்டம் என்பதை அலைந்தவர்கள் அறிவார்கள். மனு எழுதும்போதே மூன்று விதமாகவும் பெயரைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

இருக்கிறது, இல்லை

ஆங்கிலத்தில் உடைமைக்கு ஒரு தனி வினைச்சொல் உண்டு. ஸ்பானிஷ்காரர்களுக்கும் "தெங்கோ" என்று ஒன்று உண்டு. என்னிடம் இருக்கிறது என்பதை அந்த ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். தமிழிலும் கன்னடத்திலும் அன்றாடப் பேச்சில் அப்படி இல்லை. பொருள் "இருக்கிறது", யாருக்கு, யாரிடம் என்று மட்டும் சொல்கிறோம்.

உறவுக்கு "எனக்கு": எனக்கு இரண்டு பிள்ளைகள். கன்னடத்தில் "நனகெ இப்பரு மக்களு". இப்பரு என்றால் இருவர். "எரடு மக்களு" என்றால் பிள்ளைகளைச் சாமான்போல எண்ணியதாகிவிடும். கைப்பொருளுக்கு "என்கிட்ட": என்கிட்ட துட்டு இருக்கு. கன்னடத்தில் "நன்ன ஹத்திர துட்டு இதெ". "ஹத்திர" என்றால் பக்கத்தில், கிட்டத்தில். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்!

ஆனால் ஆபீஸில் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. "தாகலெ" என்றால் ஆவணம். "நன்ன ஹத்திர தாகலெ இல்ல" என்றால் ஆவணம் என் கையில் இல்லை. அது வீட்டில் இருக்கிறதா, தொலைந்துவிட்டதா, கொடுக்கவே இல்லையா என்பது தெரியாது. கேட்பவர் "போய் எடுத்து வா" என்று அனுப்பிவிடலாம். கொடுக்கப்படவே இல்லை என்றால் "நனகெ தாகலெ கொட்டில்ல" என்று சொல்ல வேண்டும். எனக்கு ஆவணம் கொடுக்கவில்லை என்று பொருள்.

"நன்ன மனெ" என்றால் போதுமா?

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வருவோம். "நன்ன மனெ" என்றால் என் வீடு. ஆனால் வாடகை வீட்டுக்காரரும் "என் வீட்டுக்கு வா" என்றுதான் கூப்பிடுகிறார். கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தவரும் அப்படித்தான் சொன்னார். கிரயம் செய்து வாங்கியவரும் அதையே சொல்கிறார். "என்" என்ற சொல் உரிமையைச் சொல்வதில்லை. சம்பந்தத்தை மட்டும் சொல்கிறது. உலகத்தில் பல மொழிகளில் இதே கதைதான். வீட்டுச் சொந்தக்காரரும் குடியிருப்பவரும் ஒரே வீட்டை "என் வீடு" என்பார்கள். இருவர் சொல்வதும் பொய்யல்ல.

எனவே மனுவில் "நன்ன மனெ" என்று எழுதி நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல. "நானு வாசவாகிருவ மனெ" என்றால் நான் குடியிருக்கும் வீடு. "நன்ன ஸ்வாதீனதல்லிருவ மனெ" என்றால் என் சுவாதீனத்தில், அனுபோகத்தில் உள்ள வீடு. "நன்ன ஹெசரினல்லிருவ மனெ" என்றால் என் பெயரில் பதிவான வீடு. "நன்ன தந்தெய ஹெசரினல்லிருவ மனெ" என்றால் தந்தையின் பெயரில் உள்ளது. "நன்ன ஸ்வந்த மனெ" என்றால் சொந்த வீடு. ஐந்தும் ஐந்து விஷயம். எது உண்மையோ அதை எழுத வேண்டும். குடியிருப்பவர் சொந்தம் என்று எழுதினால் காகிதம் கேட்பார்கள். பத்திரம் வைத்திருப்பவர் வெறுமனே குடியிருக்கிறேன் என்று எழுதினால் அவர் நஷ்டப்படுவார். பத்திரம் என்பதற்கு இங்கே "கிரய பத்ர".

சொந்தக்காரர் என்பதற்குக் காகிதங்களில் "மாலீக" என்று இருக்கும். கன்னடத்தின் சொந்தச் சொல் "ஒடெய", உரிமைக்கு "ஒடெதன". இதைக் கேட்டதும் மைசூர் மகாராஜாக்களின் பட்டம் நினைவுக்கு வர வேண்டும். ஒடெயர், தமிழில் உடையார். "என்னுடைய" என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதில் வரும் "உடைய"வும் மகாராஜா பட்டத்தில் வரும் "ஒடெய"வும் ஒரே வேரில் பிறந்தவை. தங்கவயல் மண் ஒடெயர்களின் சமஸ்தானத்தில் இருந்தது. தங்கத்துக்கு ராயல்டி அவர்கள் கஜானாவுக்குப் போனது. சொல்லிலும் உடைமை, மண்ணிலும் உடைமை!

இன்னொரு நுட்பம் உண்டு. தமிழில் "எங்கள்" வேறு, "நம்" வேறு. "எங்கள் வீடு" என்றால் கேட்பவருக்கு அதில் பங்கில்லை. "நம் வீடு" என்றால் அவரும் சேர்த்தி. தெலுங்கிலும் "மா", "மன" என்று இரண்டு உண்டு; பங்காரப்பேட்டை, முல்பாகல் பக்கம் பழகியவர்களுக்கு இது தெரியும். கன்னடத்தில் இந்தப் பிரிவு கிடையாது. "நம்ம மனெ" என்றாலும் "நம்ம ஊரு" என்றாலும் ஒரே "நம்ம". எங்கள் என்பதையும் அதுவே சொல்லும், நம் என்பதையும் அதுவே சொல்லும். கன்னட நண்பர் "நம்ம ராஜ்ய" என்று சொன்னால் தமிழரைத் தள்ளிவைத்துச் சொல்கிறார் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. தமிழர் "நம்ம ஊரு கோரமண்டல்" என்று கன்னடத்தில் சொன்னாலும் கேட்பவருக்கு அதில் இடம் இருக்கிறது.

மனுவின் மேலும் கீழும்

கன்னட மனுவின் தலைப்பில் "இந்த" என்று இருக்கும். தமிழ் "இந்த" அல்ல. "இடமிருந்து" என்று பொருள். அனுப்புநர் பெயர் அங்கே வரும். பெறுநருக்கு "இவரிகெ" என்று எழுதுவது வழக்கம்.

மனுவின் முடிவில் "தம்ம விஸ்வாசி" என்று வரும். தங்கள் உண்மையுள்ள என்று நாம் எழுதுவது போல. "தம்ம" என்றால் மரியாதையோடு "தங்கள்". ஆனால் தம்பிக்கும் கன்னடத்தில் "தம்ம" என்றே பெயர். "தம்ம மனெ" என்றால் தங்கள் வீடு. "தம்மன மனெ" என்றால் தம்பி வீடு. ஒரு னகரம் கூடிவிட்டால் ஆபீசர் வீடு தம்பி வீடாகிவிடும்!

2015-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கப்பட்டது. தங்கவயலில் தாத்தாவின் மனுவைப் பேத்தி வாசித்துக் காட்டும் காலம் வந்துவிட்டது. பேத்தி வாசிக்கும்போது தாத்தா ஒவ்வொரு "அ"வுக்கும் காது கொடுத்தால் போதும். யார் பெயர், யார் வீடு, யார் சுவாதீனம் என்பது அவருக்கே புரிந்துவிடும்.

கடைசிக் கட்டம் "அர்ஜிதாரர ஸஹி". மனுதாரரின் கையெழுத்து. கையெழுத்தைத் தமிழில் போட்டாலும் அது கையெழுத்துதான். கைநாட்டு வைப்பவருக்கு அதன் கீழே இன்னொரு வரி இருக்கும்: "எடகை ஹெப்பெட்டின குருது". இடது கைப் பெருவிரலின் அடையாளம். ஹெப்பெட்டு - ஹெப்பெட்டின. ஊரு - ஊரின என்பது போலவே.